கையைத் தூக்காத ஊர்

எங்க ஊர்ப் பிள்ளைங்க வாயில முதல்ல வர்ற வார்த்தை அம்மா இல்ல, "தெரியாது". சும்மா சொல்லலங்க. துப்பாக்கியோட வந்து தலைநகர் ப்னோம்பென்னையே பிடிச்ச கறுப்புச் சட்டைக்காரங்க ஆண்ட நாலு வருஷத்துல பெத்தவங்க நாங்க பிள்ளைங்களுக்கு வேற என்னத்தைக் குடுத்தோம்? சோறா குடுத்தோம்? தண்ணிக் கஞ்சியையும் இந்த ஒரு வார்த்தையையும்தான் குடுத்தோம். உங்கப்பா முன்னாடி என்ன வேலை பாத்தாரு? தெரியாது. உங்கம்மா யாரோட பேசுறா? தெரியாது. உனக்கு எழுதப் படிக்கத் தெரியுமா? தெரியாது. தெரியும்னு சொன்ன வீட்டுல மறுநாள் ஆள் இருக்காது.

என் புருஷன் அப்படித்தான் போனாரு. பாட்டம்பாங் டவுன்ல பஸ் ஷெட்டுல எஞ்சின் வேலை பாத்தவரு. எங்களையெல்லாம் வயலுக்கு ஓட்டிட்டு வந்தப்புறம், ஒரு நாள் நாத்து நட்டுக்கிட்டிருக்கையில வந்து கேட்டாங்க. "எஞ்சின் வேலை தெரிஞ்சவங்க யாரு? முன்னால வாங்க. நாடு உங்களைக் கூப்பிடுது." மனுஷனுக்கு எஞ்சின்னா உசிரு. முழங்கையை மடக்காம நேரா கையைத் தூக்கிட்டாரு. லாரியில ஏத்தினாங்க. ஏறுறதுக்கு முன்னால கழுத்துல கிடந்த கட்டம் போட்ட துண்டை எடுத்து என் கையில குடுத்து, "பத்திரமா வை, சோயுன்"ன்னாரு. இன்னும் பத்திரமாத்தான் வச்சிருக்கேன்.

அன்னைக்குத்தான் எங்க லியாப்பை மடியில உக்கார வச்சு அந்த வார்த்தையைச் சொல்லிக்குடுத்தேன். அவளுக்கு அப்ப அஞ்சு வயசு. யார் என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும். அம்மாவே கேட்டாலும் தெரியாதுதான். கெட்டிக்காரி, ஒரே நாள்ல பிடிச்சுக்கிட்டா.

கறுப்புச் சட்டைக்காரங்க ஒழிஞ்சு போயி ரெண்டு மழைக்காலம் கழிஞ்சப்புறம், புது அரசாங்கத்தோட மாவட்ட ஆபீசுலேர்ந்து ஒரு தம்பி சைக்கிள்ல வந்து எறங்கினாரு. பேரு ஹியாங். ஊரே ஒண்ணா கூடி நின்னோம். பையிலேர்ந்து மூக்குக்கண்ணாடி ஒண்ணை எடுத்து மாட்டினாரு பாருங்க, பாதிப் பேரு ஒரு அடி பின்னால போயிட்டாங்க. கண்ணாடி போட்டவன் படிச்சவன்னு சொல்லியே எத்தனை பேரைக் கொண்டுபோனாங்க! கண்ணாடி போட்ட மூஞ்சியை நாங்க பாத்தே வருஷக்கணக்கா ஆச்சு.

"தோழர்களே"ன்னு ஆரம்பிச்சாரு. கறுப்புச் சட்டைக்காரங்களும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க. "உங்க ஊர்ல பள்ளிக்கூடம் தொறக்கப்போறோம். படிச்சவங்க யாரு? முன்னால வாங்க. நாடு உங்களைக் கூப்பிடுது."

அட பாவி மனுஷா! உலகத்துல உனக்கு வேற வார்த்தையே கெடைக்கலையா? அவரு மேல தப்பு இல்ல, நல்ல புள்ளைதான், நாலு பேர் சொல்லிக்குடுத்ததை ஒப்பிக்குறாரு. ஆனா அந்த வார்த்தையைக் கேட்டதும் ஊர் மொத்தமும் அவங்கவங்க கால் கட்டைவிரலைப் பாக்க ஆரம்பிச்சிடுச்சு. ஒரு கை எழும்பல.

"ஒருத்தருமா இல்ல?"ன்னாரு ஹியாங். "ஐயா, நீங்கதானே ஊர்த் தலைவர். உங்களுக்காவது எழுத்து தெரியுமா?"ன்னு சும் மாமாகிட்ட ஒரு தாளை நீட்டினாரு. சும் மாமா அந்தக் காலத்துல கோயில்ல பிக்குவா இருந்து பாலி சுலோகமெல்லாம் தலைகீழா ஒப்பிச்ச ஆளு. அந்தத் தாளைத் தலைகீழாப் பிடிச்சு, ரெண்டு தரம் இப்படியும் அப்படியும் சாச்சுப் பாத்து, "படம் நல்லாருக்கு தம்பி"ன்னாரு. நான் உதட்டைக் கடிச்சுக்கிட்டேன். சிரிப்பும் வருது, அழுகையும் வருது.

ஹியாங் பையை மூட ஆரம்பிச்சாரு. "அப்ப இந்த ஊருக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பிள்ளைங்க அக்கரை ஊருக்குப் போய்ப் படிக்கட்டும்."

அக்கரைக்குப் போக வரப்பு மேலதான் நடக்கணும். அந்த வரப்புல கண்ணி வெடி புதைச்சிருக்கு. போன மாசம்தான் சும் மாமாவோட மாடு ஒண்ணு அதுல போச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். எனக்குக் கோபம் வந்தா மூளைக்கு முன்னாடி வாய் ஓடும்.

"ஏன் தம்பி, எம் பொண்ணு ரெண்டு காலோட பொறந்திருக்கா. பள்ளிக்கூடம் போயிட்டு ஒத்தைக் காலோட வரணுமா? மேப்புல கோடு போட்டுப் பாத்தியா, இல்ல நடந்து பாத்தியா? பிள்ளைங்க இங்க இருக்கு, கோயில் மண்டபம் இங்க இருக்கு, எழுத்து மட்டும் அக்கரையிலயா இருக்கு?"

அவரு கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கிட்டு என்னைப் பாத்தாரு. "அக்காவுக்கு எழுத்து தெரியுமா?"

"பாதி தெரியும்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. பாதிதான், பொய் இல்ல. என் புருஷன் பஸ் போர்டைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்குடுத்த எழுத்து. பஸ் போர்டுல வராத எழுத்து எனக்குத் தெரியாது.

"பாதி போதும்"ன்னாரு. "கொரலும் நல்லா இருக்கு. அறுவடை முடிஞ்சதும் வந்து பாப்பேன். பிள்ளைங்க ஒரு வரி வாசிச்சாப் போதும், பள்ளிக்கூடம் இங்கயே நிக்கும். புஸ்தகம், சாக்பீஸ், டீச்சருக்கு மாசா மாசம் அரிசி எல்லாம் தருவோம். வாசிக்கலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

இப்படித்தான் பஸ் ஸ்டாண்டுல ஊறவச்ச மீன் வித்த நான் டீச்சரானேன். எங்க ஊருக்கு வந்த கதியைப் பாருங்க.

ஆனா எங்க ஊர்ல முழு எழுத்து தெரிஞ்ச ஒருத்தி இருந்தா. எனக்கு மட்டும்தான் தெரியும். ரெம் அக்கா. கோயில் வாசல்ல அடுப்பு போட்டு, குழிச் சட்டியில தேங்காப்பால் ஊத்தி அரிசிப் பணியாரம் சுட்டு விப்பா. ஒரு டப்பா அரிசி குடுத்தா ஒரு வாழையிலை நெறையத் தருவா. அவ எந்த ஊர்க்காரி, யாரு பெத்த பொண்ணுன்னு யாருக்கும் தெரியாது, யாரும் கேக்கவும் மாட்டோம். அந்த நாலு வருஷம் நானும் அவளும் ஒரே நடவுக் குழுவுல பக்கத்துப் பக்கத்துல இருந்தோம். ஒரு மத்தியானம் அவளுக்குக் காய்ச்சல் கொதிச்சுது. கண்ணை மூடிக்கிட்டு, நல்ல பட்டணத்துக் கொரல்ல, "உக்காருங்க பிள்ளைங்களா, சிலேட்டை எடுங்க, யாருக்குத் தெரியும்?"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டா. குழுத் தலைவி பத்தடி தூரத்துல நிக்குறா. நான் என் துண்டைச் சுருட்டி அவ வாயில அமுக்கி, "ஐயோ, வாந்தி எடுக்குறா"ன்னு கத்தினேன். காய்ச்சல் விட்டதும் அவ என் முகத்தைப் பாத்தா. நான் அவ முகத்தைப் பாத்தேன். அன்னையிலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல.

ஹியாங் போனதும் நேரா அவ அடுப்புகிட்ட போய் உக்காந்தேன்.

"அக்கா, பள்ளிக்கூடத்துக்கு ஆள் வேணும்."

"அதான் உன்னைப் போட்டுட்டாங்களே."

"எனக்குப் பாதிதான் தெரியும்."

"எனக்குப் பணியாரம்தான் தெரியும்"ன்னா, சட்டியிலேர்ந்து கண்ணை எடுக்காம.

"அக்கா..."

"சோயுன், உன்னை ஏன் யாரும் கூட்டிட்டுப் போகலை தெரியுமா? உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும். எல்லாருக்கும் அந்தக் குடுப்பினை இல்ல. இந்தா, சூடா சாப்பிட்டுட்டுப் போ."

அவ எடுத்த பணியாரம் ஒண்ணு நழுவி நெருப்புல விழுந்துச்சு. நான் எழுந்து வந்துட்டேன். ஹியாங்கோட காதுல போட்டிருந்தா அன்னைக்கே டீச்சர் கெடைச்சிருப்பாங்க. ஆனா ஒருத்தரைக் காட்டிக்குடுக்குற பொழப்பு அந்தக் கறுப்புச் சட்டையோட போகட்டும். பள்ளிக்கூடமே வேணாம்னாலும் நான் அதைச் செய்ய மாட்டேன்.

மண்டபத்துல நாலு வருஷம் பன்னி வளத்திருந்தாங்க. பிள்ளைங்களும் நானுமா ஆத்துத் தண்ணி ஊத்திக் கழுவு கழுவுன்னு கழுவினோம். அப்பவும் மத்தியான வெயில் ஏறினா பன்னி வாசம் எழும்பும். கதவு ஒண்ணைக் கழட்டி, பழைய பேட்டரியை ஒடைச்சு அந்தக் கரியைப் பூசிச் செவுத்துல சாச்சு வச்சோம். எழுதறதுக்குக் காஞ்ச களிமண் கட்டி. நாப்பது பிள்ளைங்க தரையில உக்காந்துச்சுங்க. ஒரு பிள்ளை அசையல, ஒரு பிள்ளை பேசல. மாட்டுக் கூட்டம்கூட இதைவிடச் சத்தம் போடும்.

"உன் பேரு என்ன கண்ணு?"ன்னு முன் வரிசைப் பிள்ளையைக் கேட்டேன்.

"தெரியாது, சித்தி."

"பேருமா தெரியாது? உங்கம்மா எப்படிக் கூப்பிடுவா?"

"தெரியாது, சித்தி."

"ஏய், உன்னைத் தூக்கி வளத்தவடி நான். நீ பியுக்கோட மகதானே?"

அது மெல்லத் திரும்பி லியாப்பைப் பாத்துச்சு. எம் மக கண்ணாலயே தலையாட்டினா. அப்புறம் அது, "இருக்கலாம், சித்தி"ன்னுச்சு. அன்னைக்கு எனக்குக் கெடைச்ச பெரிய வெற்றி அந்த "இருக்கலாம்"தான்.

எனக்குத் தெரிஞ்ச விதத்துல பாடம் நடத்தினேன். பாட்டம்பாங்னு எழுதுவேன். போய்பெட்னு எழுதுவேன். புர்சாட், ப்னோம்பென். கண்டக்டர் மாதிரி கூவிச் சொல்லிக்குடுப்பேன். "பாட்டம்பாங், பாட்டம்பாங், ஏறு ஏறு, எடம் இருக்கு!" மூணாவது நாள் ஒரு பையன் சிரிச்சுட்டான். சிரிச்சதும் பயந்து வாயைப் பொத்திக்கிட்டான். அவனைக் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுக்கணும்போல இருந்துச்சு, ஆனா மூக்கு ஒழுகிட்டிருந்தான்.

வாசல்ல ரெம் அக்காவோட அடுப்பு. நான் கூவுறது அவளுக்கு நல்லாக் கேக்கும். ஒரு நாள், நான் ஒரு எழுத்தை வாலிலேர்ந்து தலைக்கு எழுதிக் காட்டிக்கிட்டிருக்கையில, கரண்டியைச் சட்டி மேல ணங்குன்னு வச்ச சத்தம் கேட்டுச்சு. எட்டிப் பாத்தேன். ஒண்ணுமே நடக்காத மாதிரி மாவு கலக்கிட்டிருந்தா.

ரெண்டு வாரம் போயிருக்கும். பிள்ளைங்க தரையில குச்சியால எழுதிட்டிருந்துதுங்க. நடுவுல நடந்து போறேன், திடீர்னு கால் நின்னுபோச்சு. லியாப் எழுதியிருந்த எழுத்துல ஒண்ணு, எந்த பஸ் போர்டுலயும் வராத எழுத்து. எனக்கே தெரியாது! பக்கத்துப் பையன் மண்ணுலயும் அதே எழுத்து. அதுக்கு அடுத்ததுலயும். தலையிலேர்ந்து ஆரம்பிச்சு, சுழி போட்டு, கல்யாணப் பத்திரிகையில அச்சடிச்ச மாதிரி அழகா இருக்கு.

"இது யார் சொல்லிக்குடுத்தா?"

நாப்பது மூஞ்சியும் ஒரே நேரத்துல மூடிக்கிச்சு. நாப்பது வாயும் ஒரே கொரல்ல, "தெரியாது, சித்தி."

"லியாப்?"

"தெரியாது, அம்மா."

கண்ணைச் சிமிட்டாம சொன்னா. நான் சொல்லிக்குடுத்த பாடத்துலயே அதைத்தான் இவ நல்லாப் படிச்சிருக்கா. ஆனா பிள்ளைங்க ஒண்ணை மறந்துடுச்சுங்க. வலது கை ஆள்காட்டி விரல் எல்லாருக்கும் வெள்ளையா இருந்துச்சு. மோந்து பாத்தா அரிசி மாவு.

மறுநாள் விடிஞ்சதும் வாழை மரத்துக்குப் பின்னால நின்னு பாத்தேன். அடுப்பைச் சுத்திப் பிள்ளைங்க குந்தியிருக்கு. ரெம் அக்கா அலுமினியத் தட்டுல மாவைப் பரப்பி, வாயைத் தொறக்காம, விரலால ஒரு எழுத்து எழுதுறா. பிள்ளைங்க ஒவ்வொண்ணா அதுக்குக் கீழ எழுதுது. தப்பாப் போனா அந்தக் குட்டி விரலைப் பிடிச்சு மெதுவா இழுத்துத் திருத்துறா. பாதையில ஆள் வர்ற சத்தம் கேட்டதும் தட்டை ஒரு ஆட்டு ஆட்டினா, அவ்வளவுதான், மாவு மாவாயிடுச்சு. அந்த மாவையே வழிச்சுத் தேங்காப்பால்ல கரைச்சுச் சட்டியில ஊத்தினா. எங்க ஊர்ப் பிள்ளைங்க அன்னன்னைக்குப் படிச்ச எழுத்தை அன்னன்னைக்கே தின்னுடுச்சுங்க. கறுப்புச் சட்டைக்காரங்களே திரும்பி வந்து தேடினாலும் ஒரு துப்பு கெடைக்காது.

நான் சத்தமில்லாம வந்துட்டேன். வந்து ஆத்தங்கரையில உக்காந்து நல்லா அழுதேன். சந்தோஷத்துல அழுது எத்தனை காலம் ஆச்சு! அப்புறம் மூஞ்சியைக் கழுவிக்கிட்டுப் பாடம் நடத்தப் போனேன். அன்னையிலேர்ந்து எம் பாடம் எல்லாம் ஒரே மாதிரி முடியும். "இதுக்கு மேல எனக்குத் தெரியாது பிள்ளைங்களா. போய்ப் பணியாரம் சாப்பிடுங்க." சாயங்காலம் லியாப்பைப் பக்கத்துல வச்சுக்கிட்டு மண்ணுல எழுதச் சொல்லி, மிச்சப் பாதி எழுத்தை எம் மககிட்ட நானும் கத்துக்க ஆரம்பிச்சேன். எங்க கத்துக்கிட்டேன்னு அவளும் சொல்லல, நானும் கேக்கல. சில நாள் அவ என் விரலைப் பிடிச்சு மெதுவா இழுத்துத் திருத்துவா. அது ரெம் அக்காவோட கை. அப்படியே அச்சு.

அறுவடை முடிஞ்சுது. ஹியாங் சொன்ன மாதிரியே வந்துட்டாரு. கேரியர்ல ஒரு பெட்டி கட்டியிருந்துச்சு, புஸ்தகப் பெட்டி. சும் மாமா, பிள்ளைங்களோட அம்மாக்கள், ஊரே மண்டபத்துக்கு வந்து ஓரமா நின்னுச்சு. நான் அன்னைக்கு ஒரு பயமும் இல்லாமத்தான் இருந்தேன். பிள்ளைங்க எல்லாம் கடகடன்னு வாசிக்கும், எனக்குத்தான் தெரியுமே.

ஹியாங் கதவுல எழுதினாரு. "எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் இருக்கிறது." திரும்பி, கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு, "யாருக்கு இதை வாசிக்கத் தெரியும்? கையைத் தூக்குங்க"ன்னாரு.

ஒரு கையும் எழும்பல. நாப்பது பிள்ளையும் கால் கட்டைவிரலைப் பாக்குது.

"பயப்படாதீங்க. ஒருத்தர் வாசிச்சாப் போதும்."

அவரு முன்னால வந்து, லியாப்புக்கு எதிர்ல குனிஞ்சாரு. "நீ சொல்லும்மா. வாசிக்கத் தெரியுமா? யார் சொல்லிக்குடுத்தாங்க உனக்கு?"

கெடுத்தாரே காரியத்தை! அந்த ரெண்டாவது கேள்வியை மட்டும் கேக்காம இருந்திருக்கலாம்.

"தெரியாது, ஐயா"ன்னா லியாப்.

"லியாப்! நேத்துகூட எழுதினியேடி. வாசி, அம்மா சொல்றேன்ல"ன்னு நான் கத்தினேன்.

அவ என்னை நிமிந்து பாத்தா. அந்தப் பார்வையை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். கோபமில்ல, பிடிவாதமில்ல. இவ்வளவு கூடவா அம்மா உனக்குப் புரியலைன்னு கேக்குற பார்வை. மெதுவா, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "தெரியும்னு சொன்னா, சொல்லிக்குடுத்தவங்களைக் கூட்டிட்டுப் போயிடுவாங்கம்மா"ன்னா.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. நாப்பது பிள்ளைங்களும் ஒண்ணா சேந்து ஒரு உசிரைக் காப்பாத்திட்டிருக்கு. நாங்க பெத்ததுங்கதான். எங்ககிட்டதான் கத்துக்கிச்சுங்க. அந்த நிமிஷம் அத்தனையையும் வாரிக் கட்டிக்கணும்போல இருந்துச்சு. ஆனா பள்ளிக்கூடம் கையைவிட்டுப் போகப்போகுது. நான் வாயைத் தொறந்தா ரெம் அக்காவைக் காட்டிக்குடுக்கணும், தொறக்கலைன்னா நாளைக்கு எம் பொண்ணு வரப்பு மேல நடக்கணும். பஸ் ஸ்டாண்டையே கூப்பிட்டு நிறுத்தின என் வாய் அன்னைக்கு ஒட்டிக்கிச்சு.

ஹியாங் பெருமூச்சு விட்டாரு. "அக்கா, நீங்க பாடுபட்டது தெரியுது. ஆனா நான் போய் என்ன சொல்லுவேன்?" பெட்டியை மறுபடியும் கயித்தால கட்ட ஆரம்பிச்சாரு.

கூட்டத்துக்குப் பின்னாலேர்ந்து ரெம் அக்கா வந்தா. கையில குழிச் சட்டி, அடுப்புலேர்ந்து அப்படியே எடுத்துட்டு வந்திருக்கா. நேரா என்கிட்ட வந்து சட்டியை என் கையில குடுத்தா. "அடுப்புல தணல் இருக்கு. அணைச்சுடு. தேங்கா ரெண்டு மிச்சம் இருக்கு, நீ எடுத்துக்கோ"ன்னா. கழுத்துல இருந்த கட்டம் போட்ட துண்டை அவுத்து லியாப் தோள்ல போட்டா.

அவ என்ன பண்றான்னு மண்டபத்துல இருந்த எல்லாருக்கும் தெரியும். லாரி ஏறப்போறவங்க இப்படித்தான் குடுத்துட்டுப் போவாங்க. "அக்கா, வேணாம்"ன்னு அவ கையைப் பிடிச்சேன். மெதுவா விடுவிச்சுக்கிட்டா.

பிள்ளைங்களுக்கு நடுவுல போய் நின்னா. முழங்கையை மடக்காம, நேரா கையைத் தூக்கினா.

"எனக்குத் தெரியும்"ன்னா. பட்டணத்துக் கொரல். காய்ச்சல்ல கேட்ட அதே கொரல். "என் பேரு ரெம் இல்ல. கெத் வன்னாரி. ப்னோம்பென்ல எட்டு வருஷம் ஆரம்பப் பள்ளிக்கூடத்துல டீச்சர். இந்தப் பிள்ளைங்களுக்கு நான்தான் சொல்லிக்குடுத்தேன். சோயுனுக்கு இதுல ஒண்ணும் தெரியாது, பிள்ளைங்க மேலயும் தப்பில்ல. எங்க வரணும்? வண்டி வெளியில நிக்குதா?"

ஹியாங் முழிச்சாரு. "வண்டியா? என்ன வண்டி? என்கிட்ட சைக்கிள்தாங்க இருக்கு. அதுவும் வர்ற வழியில பஞ்சர்."

யாரும் சிரிக்கல. அப்பத்தான் அந்தத் தம்பிக்கும் விளங்குச்சு. கண்ணாடியைக் கழட்டினாரு. சட்டை முனையால தொடைச்சாரு, தொடைச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் ரெண்டு கையும் கூப்பி, டீச்சருக்கு வைக்குற மாதிரி நெத்தி வரைக்கும் தூக்கி வணங்கினாரு. "எங்கயும் வர வேணாம், டீச்சர். இதோ இந்தக் கதவுகிட்ட வந்தாப் போதும்"ன்னாரு.

அவ நாலு அடி நடக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு நினைக்கிறீங்க? ரெண்டு தரம் வாசலைத் திரும்பிப் பாத்தா. சைக்கிள் மட்டும்தான் நின்னுட்டிருந்துச்சு. கதவுகிட்ட போனதும் களிமண் கட்டியை எடுத்தா. எடுத்தப்புறம் வாசல் பக்கம் திரும்பவே இல்ல.

"உக்காருங்க பிள்ளைங்களா"ன்னா. ஏற்கெனவே உக்காந்திருந்ததுங்க எல்லாம் எழுந்து மறுபடி உக்காந்துச்சுங்க. சும் மாமாவும் உக்காந்துட்டாரு. நான் மட்டும் சட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

"சோயுன், உனக்குத் தனியா சொல்லணுமா? பாதி எழுத்தை வச்சுக்கிட்டு எவ்வளவு நாள் ஓட்டுவ? உக்காரு."

போய் லியாப் பக்கத்துல உக்காந்தேன். சட்டி சூட்டுல என் உள்ளங்கை கன்னிப்போயிருக்கு, அதுவரைக்கும் எனக்குத் தெரியவே இல்ல.

டீச்சர் ஹியாங் எழுதின வரிக்கு அடியில விரலை வச்சா. "இது யாருக்குத் தெரியும்?"

அப்பவும் ஒரு கையும் எழும்பல. பிள்ளைங்க டீச்சரைப் பாக்கல, ஹியாங்கையும் பாக்கல. எல்லாம் அவங்கவங்க அம்மாவைப் பாத்துச்சுங்க. லியாப் என்னைப் பாத்தா. நான் போட்ட பூட்டு. வேற யார் தொறந்தாலும் தொறக்காது.

என் கண்ணு முன்னால அந்த வயல் வந்துச்சு. அவரு கை தூக்கினது, துண்டைக் குடுத்தது எல்லாம் வந்துச்சு. சட்டியைக் கீழ வச்சேன். முழங்கையை மடக்காம, அவரு தூக்கின மாதிரியே, நேரா கையைத் தூக்கினேன்.

"எனக்குத் தெரியும்"ன்னேன்.

லியாப் என் கையைப் பாத்தா. அது அங்கயே இருக்கறதைப் பாத்தா. வாசலைப் பாத்தா. அப்புறம் அவளோட வலது கை, விரல் நுனியெல்லாம் மாவு, தோள் வரைக்கும் வந்து, காது வரைக்கும் வந்து, தலைக்கு மேல போச்சு.

"எனக்கும் தெரியும், டீச்சர்."

அவளுக்குப் பின்னால மிச்சப் பிள்ளைங்க கையெல்லாம் எழும்புச்சு. சும் மாமா கையும்தான்.